கரைவலைக்கொரு விஞ்சு

மட்டக்களப்பு என்றதும் பிற மாவட்டத்து நண்பர்கள் முதலிற் கேட்பது பாடுமீனைப் பற்றியே. முழுநிலாக் காலத்து இரவிற் கல்லடிப் பாலத்தின் அருகே தோணியை நிறுத்தித் துடுப்பை நீருள் இறக்கி, அதன் மறுமுனையைக் காதோடு சேர்த்துக் கேட்டால் அவ்வோசை புலப்படும் என்பர். சுவாமி விபுலானந்தரின் கவிதையிலும் இடம்பெற்றுவிட்ட ஓசை அது. ஆயின், பாலத்தைக் கடந்து கடற்புறம் செல்வோர் கேட்கக்கூடிய இன்னோர் ஓசையும் உண்டு. வைகறையில் இரு வரிசையாக நின்று கரைவலையின் கயிற்றை இழுப்போரில் ஒருவர் எடுத்துக் கொடுக்க, ஏனையோர் ஏற்றுப் பாடும் அம்பாப் பாடல் அது. பாடுமீனைப் பற்றிக் கட்டுரைகள் பல வந்துள்ளன. அம்பாவைப் பற்றியும் நாட்டாரியல் ஆய்வாளர் எழுதியுள்ளனர். அம்பாவைப் பாடியவாறு இழுக்கப்படும் அந்தக் கயிற்றைப் பற்றியும், அதனை இழுப்பதற்கு எவ்வகை விஞ்சை அமைப்பது என எங்கள் குடும்பத்தில் மூன்று மாதங்களாக நிகழ்ந்த விவாதத்தைப் பற்றியும் எழுத முனைகின்றேன். பற்சக்கரமும் உருளையும் தமிழ்ச் சங்க ஏட்டுக்குப் பொருந்துமோ என ஐயுறுவோர் சற்றே பொறுத்தருள வேண்டும்.

எங்கள் வீடு புளியந்தீவில் உள்ளது. ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமுடைய வாவியின் நடுவே, ஒல்லாந்தர் கோட்டையையும் பழைய பாடசாலைகளையும் கடைத்தெருக்களையும் தாங்கி நிற்கும் சிறு நிலத்துண்டு அது. அங்கிருந்து கடலைக் காண்பதாயின் கல்லடிப் பாலத்தைக் கடந்தாக வேண்டும். 1924 இல் திறக்கப்பட்ட பழைய இரும்புப் பாலத்தின் அருகே 2013 இல் திறக்கப்பட்ட புதிய பாலம் இப்போது வாகனங்களைச் சுமக்கிறது. பாலத்துக்கு அப்பால், வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட ஒடுங்கிய மணற்றிடலில், என் தாய்மாமன் கரைவலைத் தொழில் செய்கிறார். 2004 டிசெம்பர் 26 ஆம் நாள் ஆழிப்பேரலை நாவலடி, திருச்செந்தூர், கல்லடிக் கரைகளைச் சூறையாடியபோது மாமாவின் வாடியும் வலையும் அள்ளுண்டு போயின. தோணி மாத்திரம் எஞ்சியது. பலகை மாற்றுவதற்காக அதனைப் புளியந்தீவுப் பக்கத்து வாவிக்கரையில் ஏற்றி வைத்திருந்தமையே அதற்குக் காரணம். என் பாட்டனார் காலத்தில் அது பாயிலும் ஓடியது என்பர். பாய்மரம் நாட்டிய குழி இன்றும் உண்டு. அதற்குள் இப்போது மண்ணெண்ணெய்ப் போத்தல் வைக்கப்படுகிறது.

கரைவலையைக் காணாதவர்களுக்காக அத்தொழிலின் அமைப்பைச் சுருக்கமாகக் கூறவேண்டும். வலையின் நடுவே மீன் சேரும் மடி இருக்கும். மடியின் இருமருங்கும் கைகள் போல நீண்ட வலைப்பரப்பு. அதன் இரு முனைகளிலும் ‘கம்பா’ எனப்படும் நீண்ட கயிறுகள். ஒரு கம்பாவின் நுனியைக் கரையில் நிற்போரிடம் கொடுத்துவிட்டுத் தோணி கடலுக்குள் செல்லும். அரைவட்டமாக வலையை இறக்கிவிட்டு மறு கம்பாவின் நுனியோடு வேறோரிடத்திற் கரை சேரும். பின்னர் இருதிறத்தாரும் இழுக்கத் தொடங்குவர். இரு கம்பாக்களும் சமமாக வருதல் வேண்டும். ஒன்று முந்தினால் மடி சரிந்து மீன் வெளியேறிவிடும். இதனைக் கண்காணிப்பவர் மண்டாடி. கடலின் நிறத்தையும் வலையின் மிதப்புக் கட்டைகளையும் நோக்கியவாறு அவர் கையசைக்கும் அசைவுக்கு ஒரு படைத் தலைவனின் கட்டளைக்குரிய மதிப்பு உண்டு. எங்கள் வலையில் ஒரு பக்கத்துக் கம்பா மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோமீற்றர். வாடைக்காற்று ஓய்ந்து கடல் அடங்கிய பின்னரே தொழில் தொடங்கும். பங்குனியிலிருந்து புரட்டாதி வரையே எங்கள் ஆண்டு எனலாம்.

நான் சிறுமியாக இருந்தபோது ஒரு கம்பாவுக்குப் பதினைந்து பேராக முப்பது பேர் இழுத்தனர். சென்ற ஆண்டு மாசியில் மாமா தம் கொப்பியில் எழுதிய பெயர்கள் பதினேழு. ஏனையோரிற் சிலர் கட்டாருக்கும் துபாய்க்கும் சென்றனர். சிலர் முச்சக்கரவண்டி எடுத்தனர். சிலர் கொழும்புக் கடைகளிலும் ஆடைத் தொழிற்சாலைகளிலும் சேர்ந்தனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. கரைவலையில் வருமானம் பங்காகவே கிடைக்கும். வலை வெறுமையாக வந்தால் பங்கும் வெறுமையே. மாதச் சம்பளத்தைக் கண்ட இளைஞன் கீரிமீனை நம்பிக் காலையில் மணலில் நிற்க மாட்டான். எஞ்சிய பதினேழு பேரும் பெரும்பாலும் ஐம்பதைக் கடந்தவர்கள். அவருள் மூத்தவர், நாங்கள் யாவரும் பெரியப்பா என்றழைக்கும் எழுபத்தொரு வயதினர். கையிற் பலம் குன்றியதனால் அவர் வரிசையின் கடைசியில் அமர்ந்து, வந்து சேரும் கயிற்றை மணலில் வளையமாகச் சுருட்டி வைப்பார். அவருக்கு அரைப்பங்கு.

“பதினேழு பேரால இழுக்க ஏலாது மகள். முப்பது பேரைக் கொண்டுவரவும் ஏலாது” என்றார் மாமா. வலையைச் சிறிதாக்கலாம் என்றேன். சிறிய வலையின் மீன் பதினேழு வீட்டுக்குக் காணாது என்றார். விஞ்சு என்ற சொல் அன்றுதான் எங்கள் வீட்டில் முதன்முறையாக ஒலித்தது. கணக்குப் பார்க்கும் பணி எனக்கு வந்து சேர்ந்தது. பெண்கள் தோணியில் ஏறலாகாது என்னும் வழக்கு எங்கள் கரையில் இன்னும் உண்டு. விஞ்சு புதிய பொருளாதலின், அதனை யார் தொடலாம், யார் தொடலாகாது என்று விதிசெய்ய ஊரவர்க்கு அவகாசம் கிடைக்கவில்லை.

முதலில் வந்த வாய்ப்பு திருகோணமலையிலிருந்து வந்தது. அங்கே படகு திருத்தும் தொழில் செய்யும் உறவினர் ஒருவர், கரையேற்றி வைக்கப்பட்டிருந்த பழைய பாய்ப்படகு ஒன்றிலிருந்து கழற்றிய இரண்டு வெண்கல விஞ்சுகளைக் குறைந்த விலைக்குத் தரலாம் என்று அறிவித்தார். படகின் சொந்தக்காரர் முதுமை எய்தியவர். பாயின் கயிற்றை இழுக்கத் தோள் இடங்கொடாமையால், கூடிய வலுவுள்ள புதிய விஞ்சுகளை மாற்றிக்கொண்டிருந்தார். நேரிற் சென்று பார்த்தோம். உருளையின் மேற்பரப்புத் தேய்ந்திருந்ததேயன்றி உள்ளே பற்சக்கரங்கள் குறையின்றி இருந்தன. வெண்கலம் உப்புநீருக்கு ஈடுகொடுக்கும். அலுமினியத்தாலான விஞ்சுகளில் உருக்கு ஆணிகள் பூட்டப்பட்ட இடங்களில் உப்பு நீர் புகுந்து உலோகத்தை அரித்துவிடுவதுண்டு. எனவே பழையது என்பது அவ்விஞ்சுகளுக்கு ஒரு குறையன்று. கைப்பிடியைச் சுழற்றும்போது ‘கிளிக், கிளிக்’ என எழுந்த ஓசை மாமாவைப் பெரிதும் கவர்ந்தது. அவ்வோசை, சிறிய வில்லொன்றால் தள்ளப்படும் தடைநாக்குகள் பல்லிற் பல்லாக விழுவதனால் எழுவது. உருளை பின்னோக்கிச் சுழலாது தடுப்பவை அவையே. அவற்றுக்குத் தடித்த கிறீஸ் பூசுதல் ஆகாது என்றும், மெல்லிய எண்ணெயே போதும் என்றும் உறவினர் எச்சரித்தார். கிறீஸிற் சிக்கி நாக்கு விழாமற் போனால், பாரத்தோடு கைப்பிடி திரும்பிச் சுழன்று மணிக்கட்டை முறித்துவிடுமாம்.

பாய்ப்படகு விஞ்சின் வரலாறும் சுவையானதே. 1903 ஆம் ஆண்டு அமெரிக்கக் கிண்ணப் போட்டிக்கென நத்தானியேல் ஹெரஷொப் வடிவமைத்த ‘ரிலையன்ஸ்’ என்னும் பெரும் பாய்ப்படகில், தளத்தின் கீழே பற்சக்கர விஞ்சுகள் பொருத்தப்பட்டன. அறுபதுக்கும் மேற்பட்ட மாலுமிகள் வேலைசெய்த படகு அது. இன்றைய படகுகளில் இருவர் மட்டுமே பயணம் செய்வதும் இயல்பு. மாலுமிகள் குறையக் குறைய விஞ்சின் வலு கூடிவந்துள்ளது.

அவ்வலுவை ஓர் எண்ணாற் குறிப்பர். கைப்பிடியின் நீளத்தை உருளையின் ஆரையால் வகுத்து, பற்சக்கர விகிதத்தாற் பெருக்கினால் அந்த எண் வரும். நாங்கள் பார்த்த விஞ்சின் எண் நாற்பது. கைப்பிடியில் ஒரு கிலோ விசையைக் கொடுத்தால், உராய்வில் இழப்பது போக, கயிற்றில் நாற்பது கிலோவை அண்மித்த இழுவை கிடைக்கும் என்பது இதன் பொருள். நாற்பது என்றதும் மாமாவின் முகம் மலர்ந்தது. ஆயின், பொறியியற்பீடத்து நண்பி ஒருத்தியோடு அமர்ந்து நான் செய்த கணக்கு அம்மலர்ச்சியைக் கெடுத்தது. கைப்பிடி 254 மில்லிமீற்றர். உருளையின் விட்டம் 75 மில்லிமீற்றர். வலு நாற்பதாக வேண்டுமாயின் கைப்பிடி ஆறு முறை சுழன்றால்தான் உருளை ஏறத்தாழ ஒருமுறை சுழலும். ஆகவே கைப்பிடியின் ஒரு சுழற்சிக்கு உள்வரும் கயிறு நாற்பது மில்லிமீற்றர் மட்டுமே. பாய்ப்படகில் ஒரு தடவைக்கு இழுக்க வேண்டியது சில மீற்றர். அங்கு இது போதும். எங்கள் கம்பாவோ ஒரு கிலோமீற்றர். கைப்பிடியை இருபத்தையாயிரம் முறை சுழற்ற வேண்டும். நிமிடத்துக்கு நாற்பது முறை இடைவிடாது சுழற்றினாலும் பத்து மணித்தியாலங்களுக்கு மேலாகும். அதற்குள் மடியில் அகப்பட்ட மீன் மட்டுமன்றி இழுப்பவரும் உயிர்விட நேரும்.

விசையை மிச்சப்படுத்தலாம், வேலையை மிச்சப்படுத்த இயலாது என்று பாடசாலையில் நெம்புகோலைப் பற்றிப் படித்தபோது எழுதியிருக்கிறேன். அன்று புள்ளிகளுக்காக எழுதிய வாக்கியம், இன்று மணலில் நின்று நோக்கும்போது கனத்தது. வெண்கல விஞ்சுகளை விட்டுவிட்டோம். எனினும் அந்தப் பழைய படகின் சொந்தக்காரர் கூறிய ஒன்று என் மனத்திற் பதிந்தது. படகின் நீளத்தைப் பார்த்து விஞ்சு வாங்குவோர் பலர். படகில் உள்ளவர்களுள் யாருடைய கை மிக மெலிந்ததோ அந்தக் கையைப் பார்த்தே தாம் வாங்குவதாக அவர் சொன்னார். அது அவருடைய சொந்தக் கையாகவே இருந்தது.

அடுத்தது உழவு இயந்திரம். உழவு இயந்திரத்தின் பின்புறத்தில் ஒரு சுழல்தண்டு உண்டு. நெல் அடிக்கும் பொறி முதலியவற்றை இயக்குவதற்கென நிமிடத்துக்கு 540 முறை சுழலுமாறு அமைந்தது அது. அதனோடு உருளையைப் பூட்டினால் கம்பா தானாகவே வரும். கரைக்கு இரண்டு இயந்திரங்களும் ஆறு மனிதரும் போதும். அயற்கரையொன்றில் இதனைப் பார்க்கச் சென்றோம். எங்களவர் இரண்டரை மணித்தியாலத்தில் இழுப்பதை அங்கே ஒரு மணிக்குள் முடித்தார்கள். ஒரே நாளில் மூன்று முறை வலை வளைத்தார்கள். வேகம் மறுக்கவொண்ணாதது. ஆனால், வலை எங்கோ ஒரு கல்லிற் சிக்கியபோது அது இயந்திரத்துக்குத் தெரியவில்லை. கைகளில் கயிறு இருப்பின் அது அதிர்வதை இழுப்பவர் உணர்ந்து தளர்த்தியிருப்பர். சாரதி திரும்பிப் பார்த்து நிறுத்துவதற்குள் வலையின் ஒரு கை கிழிந்துவிட்டது. அன்று மாலை முழுவதும் அவர்கள் வலை பொத்திக்கொண்டிருந்தனர்.

இயந்திர விஞ்சை அனுமதிப்பதா தடுப்பதா என்னும் வழக்கு, அண்மைக் காலத்தில் இலங்கையின் பல கரைகளில் ஆர்ப்பாட்டமாகவும் மனுக்களாகவும் வெளிப்பட்டுள்ளது. கரைவலைத் தொழில் உரிமம் பெற்று, விதிகளுக்கு அமைந்து செய்யப்பட வேண்டியது. எனவே இது தனியொருவரின் விருப்பத்தோடு நிற்கும் விடயமுமன்று. ஆட்கள் இல்லை, இயந்திரமின்றி நாங்கள் எவ்வாறு வாழ்வது என்று கேட்போரின் நியாயம் எனக்கு விளங்குகிறது. மாமாவும் அதே கேள்வியைத்தான் கேட்டார். ஆனால் மறுபக்கக் கணக்கை நான் எழுதிக் காட்டியபோது அவர் நெடுநேரம் பேசவில்லை. எங்களிடம் பதினேழு பேர் இருக்கின்றனர். உழவு இயந்திரத்துக்கு ஆறு பேர் போதும். எஞ்சிய பதினொரு பேர் எங்கே செல்வர்? இயந்திரத்தின் சொந்தக்காரருக்கும் ஒரு பங்கு கொடுக்க வேண்டும்; எண்ணெய்ச் செலவு பங்கு பிரிப்பதற்கு முன்பே கழிக்கப்படும். பதினொருவரின் பங்கு ஆறு பேருக்கும் பிரியும் என்று எண்ணுவது பேதைமை. அதிற் பெரும்பகுதி எண்ணெயாகவும் வாடகையாகவும் கரையை விட்டுப் போய்விடும்.

“மெசின் வந்தா மீன் வரும் மகள். அந்த ஆக்கள் எங்க போவாங்க?” என்றார் மாமா. ஓர் அரசியற் பொருளியல் விரிவுரையில் இரண்டு மணித்தியாலம் கேட்டதை அவர் ஒரு மூச்சிற் சொல்லிவிட்டதாக எனக்குத் தோன்றியது.

இவ்விடத்தில் தென்னிலங்கைக் கரையொன்றைப் பற்றிக் கூறுவது பொருந்தும். தங்காலைக்கு அண்மையிலுள்ள மாவெல்ல என்னும் மீனவக் கிராமத்தின் கரைவலைத் தொழிலைப் போல் அலெக்சாண்டர் என்னும் மானிடவியலாளர் ஆராய்ந்து, 1982 இல் இலங்கை மீனவர் பற்றிய நூலொன்றை வெளியிட்டார். அக்கரையில் வலைகள் முறைவைத்தே இறக்கப்பட்டன. நல்ல நேரமும் நல்ல இடமும் எல்லா வலைகளுக்கும் சுழற்சியாகக் கிடைத்தன. முறையிற் குறையில்லை. ஆனால் புதிய வலைகள் சேர்வதைத் தடுக்க இயலவில்லை. மீனின் விலை உயர்ந்தபோது வலைகள் பெருகின. 1971 அளவில் அவை நூறை அண்மித்துவிட்டன. கடலில் மீன் அந்த அளவுக்குப் பெருகவில்லையாதலால், ஒவ்வொரு வலைக்கும் கிடைத்த முறையும் ஒவ்வொரு பங்கும் தேய்ந்தன. எலினோர் ஒஸ்ட்ரொம் 1990 இல் எழுதிய பொதுவளங்கள் பற்றிய புகழ்பெற்ற நூலில், ஊரவர் தாமே வளத்தை ஆள முயன்று வெற்றி பெறாத இடங்களுள் ஒன்றாக இந்தக் கரையைக் காட்டுகிறார். 2009 இல் பொருளியலுக்கான நொபெல் பரிசைப் பெற்ற முதற் பெண் அவரே. நூலகத்தில் அப்பக்கங்களைப் படித்தபோது எனக்கு எங்கள் கரையே தோன்றியது. மாவெல்லையிற் பெருகியவை வலைகள். ஒரு நாளில் ஒருமுறை வளைத்த வலையை மூன்று முறை வளைத்தால் அதுவும் வலைகள் மும்மடங்காகப் பெருகியதற்கு ஒப்பாகும் அல்லவா? முதலில் விஞ்சு வாங்குபவர் சிலகாலம் மிகுதியாக அள்ளுவார். பின்னர் அயலவரும் வாங்குவர். அப்போது எல்லாரும் பழைய அளவு மீனையே கூடிய செலவில் அள்ளுவர். இது என் ஊகமே. எனினும் இதற்கு மாறாக நடக்கும் என நம்ப எனக்குக் காரணம் கிடைக்கவில்லை.

விஞ்சொன்று, இல்லாதவரின் இடத்தையும் நிரப்பலாம். இருப்பவரின் இடத்தையும் எடுத்துக்கொள்ளலாம். எங்களுக்கு வேண்டியது, போய்விட்ட பதின்மூன்று பேரின் வலுவைத் தரும் கருவி; நிற்கின்ற பதினேழு பேரையும் வேலையில் வைத்திருக்கும் கருவி. இவ்வாறு கேள்வியைத் திருத்திக் கேட்டபோது விடை மிகப் பழைய ஒன்றாக வந்தது. பாய்க்கப்பல்களில் நங்கூரம் தூக்கப் பயன்பட்ட நிலைத்தூண் விஞ்சு அது. கப்ஸ்டன் என்பர். நிலைகுத்தாக நிற்கும் உருளை, அதன் தலையில் ஆரங்கள் போலச் செருகப்பட்ட தடிகள், தடிகளைத் தள்ளியவாறு வட்டமாக நடக்கும் மனிதர், இவ்வளவே. பற்சக்கரம் இல்லை. உருளையின் ஆரை இருபது சென்ரிமீற்றர், மனிதர் தள்ளும் இடம் நடுவிலிருந்து 120 சென்ரிமீற்றர் என்று வைத்தால் வலு ஆறு. ஆறு பேர் தலைக்குப் பதினைந்து கிலோ விசையிற் தள்ளினால், உராய்வு போக, நானூறு கிலோவுக்கு மேல் இழுவை கிடைக்கும். பழைய பதினைந்து பேரின் இழுவைக்கு அது குறைந்ததன்று. ஒரு சுற்றுக்கு ஒன்றேகால் மீற்றர் கயிறு வரும். ஒரு கிலோமீற்றர் கயிற்றுக்கு எண்ணூறு சுற்று. ஒவ்வொருவரும் ஆறு கிலோமீற்றர் நடப்பர். அது இரண்டு மணித்தியால நடை. பின்னோக்கி நடந்து கயிற்றை இழுத்து, மறுபடி நீரருகே ஓடிவந்து பிடிக்கும் பழைய முறையிலும் இதற்கு மிகக் குறைந்த நேரம் ஆனதில்லை.

இந்த அமைப்பின் சிறப்பு தடியிலன்று, கயிற்றின் வாலிலேயே உள்ளது. கம்பா உருளையில் மூன்று சுற்றுச் சுற்றப்பட்டு வெளியேறும். வெளியேறும் முனையை ஒருவர் இறுக்கிப் பிடிக்க வேண்டும். விட்டுவிட்டால் உருளை வெறுமனே சுழலும். எவ்வளவு இறுக்கிப் பிடிப்பது? ஒயிலர் என்னும் கணித அறிஞர் இதற்கு விடை கண்டார். கயிற்றுக்கும் உருளைக்கும் உள்ள உராய்வுக் குணகம் கால் என்று கொண்டால், ஒவ்வொரு சுற்றும் பிடிப்பை ஏறத்தாழ ஐந்து மடங்காக்கும். அது கூட்டலாக அன்றிப் பெருக்கலாக ஏறும். இரண்டு சுற்றில் இருபத்து மூன்று மடங்கு. மூன்று சுற்றில் நூறு மடங்குக்கு மேல். கடல் நானூறு கிலோவால் இழுக்கும்போது வாலைப் பிடிப்பவர் நான்கு கிலோவால் பிடித்தாற் போதும். கடைக்குச் சென்று சீனி வாங்கிவரும் கைக்கு அது இயலும்.

அந்தக் கை யாருடையது என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை. இதுவரை வரிசையின் கடைசியிற் கயிறு சுருட்டி அரைப்பங்கு பெற்ற பெரியப்பா, புதிய அமைப்பில் அதன் மூளையாக மாறினார். பேரலை ஒன்று வலையைப் பின்னிழுக்கும்போது வாலைச் சற்று நெகிழ்த்தினால் கயிறு உருளையில் வழுக்கி விட்டுக்கொடுக்கும். தடிகள் நிற்க வேண்டியதில்லை. கல்லிற் சிக்கினால் முதலில் உணர்வதும் அந்தக் கையே. இன்றைய பாய்ப்படகு விஞ்சுகளில் வாலைத் தானே பற்றிக்கொள்ளும் வாய் ஒன்று உருளையின் மேல் அமைந்திருக்கும். ஓர் ஆளை மிச்சப்படுத்துவதற்கான உபாயம் அது. இருவர் செலுத்தும் படகில் அது வரமே. எங்களுக்கு அந்த ஆளை மிச்சப்படுத்த விருப்பமில்லை. உழவு இயந்திரக்காரர் பூட்டும், கயிற்றைத் தன்மேற் சுருட்டிக்கொள்ளும் உருளையை நாங்கள் வேண்டாமென்றதற்கும் இதுவே காரணம்.

மட்டக்களப்புப் பட்டறையொன்றில் இரண்டு தூண்கள் அமைத்தோம். அடித்தளத்துக்குப் பழைய லொறியின் பின்அச்சுக் குடங்கள் இரண்டு கிடைத்தன. அவற்றின் உருளைத் தாங்கிகள் இன்னும் நல்ல நிலையில் இருந்தன. உருளைக்குப் பாலை மரம். நேரான உருளையாகக் கடைந்தால் சுற்றுகள் ஒன்றன்மேல் ஒன்று ஏறிச் சிக்கிக்கொள்ளும் என்பதால் நடுவே இடையொடுங்குமாறு கடைவித்தோம். கயிறு கடலிலிருந்து வரும்போது சற்றுக் கீழிருந்து மேல்நோக்கி உருளையை அடைய வேண்டும் என்பதும் பாய்ப்படகுக்காரரிடம் கற்றதே. தடைநாக்கு ஒன்று போதும் என்றார் பட்டறைக்காரர். மாமா இரண்டு கேட்டார். பாய்க்கப்பற் காலத்தில் நாக்கு உடைந்து தடிகள் பின்னோக்கிச் சுழன்றதால் மாலுமிகள் அடிபட்டு இறந்ததுண்டு என்று நான் படித்துக் காட்டியதும், அவர் மூன்றாவது ஒன்றையும் வைக்கலாமா என்றார். இரண்டோடு நிறுத்தினோம். கம்பாவின் துண்டுகளை முடிச்சிட்டு இணைத்த இடங்களையெல்லாம் பிரித்துப் புரியோடு புரி பின்னி இணைக்க நேர்ந்தது. முடிச்சு உருளையில் ஏறும்போது துள்ளும். அந்த வேலையே ஒரு கிழமை எடுத்தது.

குறைகளும் இல்லாமலில்லை. தூண் நகராது. மணலிற் புதைத்த தென்னங்குற்றிகளோடு கட்டப்பட்டே அது நிற்கிறது. நீரோட்டம் வலையைப் பக்கவாட்டில் இழுத்துச் செல்லும் நாட்களிற் குற்றியைத் தோண்டி இடம் மாற்ற வேண்டியிருக்கிறது. இரு தூண்களுக்கும் இடையே மண்டாடியின் குரல் எட்டாததால் அவர் கொடி பிடிக்கிறார். கம்பா முடிந்து வலை கரையைத் தொட்டபின் தூணால் ஆவதொன்றுமில்லை. பதினேழு பேரும் சேர்ந்து பழையபடி கையாலேயே இழுக்கின்றனர்.

எதிர்பாராத இடர் ஒன்று பாட்டில் நேர்ந்தது. அம்பா, இழுவைக்கும் ஓய்வுக்கும் மாறிமாறி அமைந்த பாடல். வட்டமாக இடைவிடாது நடக்கும்போது அது காலோடு ஒத்துவரவில்லை. முதல் இரண்டு நாளும் யாவரும் மௌனமாகவே நடந்தனர். அம்மௌனம் எனக்குப் பெரிதும் உறுத்தியது. ஐரோப்பிய மாலுமிகளும் பாயேற்றுவதற்கு ஒருவகைப் பாடலும் கப்ஸ்டன் சுற்றுவதற்கு வேறுவகைப் பாடலும் வைத்திருந்தனர் என்று படித்திருந்தேன். எங்களவர் அதைப் படிக்கவில்லை. ஆயினும் மூன்றாம் நாள் வடக்குப் பக்கத் தூணில் ஒருவர் கூத்தின் வரவுப் பாட்டொன்றை எடுத்தார். வட்டக்களரியில் ஆடிப் பழகிய கால்களுக்கு வட்டத்தில் நடப்பதற்கு வேறு பாட்டுத் தேவையா? பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனை மேடைக்குக் கொண்டுவந்ததும், பேராசிரியர் சி. மௌனகுரு விரிவாக ஆராய்ந்ததுமான மட்டக்களப்புக் கூத்து, ஒரு லொறிக் குடத்தைச் சுற்றி ஒலிக்கும் என யாரும் எதிர்பார்த்திரார். தென்பக்கத் தூணினர் வடக்கத்தியரின் தாளத்துக்கே நடக்கத் தொடங்கினர். இரு கம்பாக்களும் அதனால் முன்னிலும் சமமாக வருகின்றன என்று மண்டாடி கூறுகிறார். அம்பா மறைந்துவிடவில்லை, வலை கரையை அடைந்து கையால் இழுக்கும் இறுதி வேளைக்கு அது ஒதுங்கிக்கொண்டது. தூண்களுக்கு நான் வைத்த பெயர்களை ஒருவரும் ஏற்கவில்லை. அவற்றைச் ‘செக்கு’ என்றே எல்லாரும் அழைக்கின்றனர்.

பங்கு பற்றியே கடைசியாகப் பேச்சு எழுந்தது. தோணிக்கும் வலைக்கும் பங்கு உண்டு என்பது நெடுநாள் வழக்கு. ஆகவே செக்குக்கும் பங்கு உண்டா என்று சிலர் கேட்டனர். மாமா அதனை மறுத்தார். செலவை மட்டும் நாள்தோறும் சிறிது சிறிதாகக் கழிப்பதென்றும், கழிந்து முடிந்தபின் செக்கு எவருக்கும் சொந்தமாகப் பங்கு கேட்கலாகாது என்றும் முடிவாயிற்று. பெரியப்பாவுக்கு இனி முழுப்பங்கு வேண்டும் என்று கேட்டவர் அவரல்லர்; தடி தள்ளும் ஒருவர். ஒருவரும் எதிர்க்கவில்லை. கொப்பியில் அந்தத் திருத்தத்தை நானே எழுதினேன். ஆவணியிற் சூடைமீன் நன்றாக அகப்பட்டது. புரட்டாதி முதற் கிழமையிற் செலவு தீர்ந்தது. கடைசித் தொகையைக் கழித்த அன்று மாமா கணக்கை இருமுறை கூட்டிப் பார்த்துவிட்டுக் கொப்பியை மூடினார். மறுநாள் நான் வளாகத்துக்குப் பேருந்து ஏறினேன்.